பின்கதவுக்கு அங்காலை

ஆரணி என்னைத் தன்ர அம்மா எண்டு அந்தப் பதினொரு பேருக்கும் சொல்லேல்லை. நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமை காலமை பத்து மணி, சந்தைச் சதுக்கத்திலை மஞ்சள் குடையொண்டைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்கு நிக்கிற அந்த மெல்லிய பிள்ளைக்கும், முழங்கால் நோவோடை கடைசியிலை நிக்கிற எனக்கும் என்ன தொடர்பு எண்டதை நிறத்தைப் பாத்து அவையே விளங்கிக்கொள்ளுவினம். "இந்த நகரத்து யூத மக்கள் வாழ்ந்த தெருக்களின் ஊடாக இரண்டு மணி நேரம் நடக்கப் போகிறோம்" எண்டு அவள் டொச்சிலை சொல்லுறாள். என்ன வடிவான டொச். ஜேர்மனிக்கு வரேக்கை அவளுக்கு அஞ்சு வயது, பள்ளிக்கூடம் போன முதல் வருஷமே என்ர வாயிலிருந்து வாற பிழையளைத் திருத்தத் தொடங்கினவள். எனக்கு இருபத்தொரு வருஷமாகியும் வாளி, தும்புத்தடி, ஈரம், வழுக்கும், கவனம், இந்தளவிலைதான் அந்தப் பாஷை நிக்குது. காது மட்டும் வாயைவிடக் கெட்டி, முக்காவாசி விளங்கும். ரெண்டு வருஷமாய்ப் படிப்போடை சேத்து இந்த வேலையைச் செய்யிறாள், ஒரு தரமாவது வந்து பாருங்கோ அம்மா, ஒரு தரமாவது, எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவள். நான் முழங்காலைச் சொன்னன், கோயிலைச் சொன்னன், தடிமன் காய்ச்சலைச் சொன்னன். போன கிழமை "உங்களுக்கு என்ர வேலையிலை விருப்பமில்லை" எண்டாள். அதுக்குப் பிறகு வராமல் இருக்கேலாது. விருப்பமில்லாமல் இல்லை பிள்ளை. பயம். அதை எப்பிடிச் சொல்லுறது, யூதச் சனத்தின்ர கதை எண்டால் உனக்கென்னம்மா பயம் எண்டு கேப்பாய்.

இப்ப நிக்கிறது ஷாம்புவும் பற்பசையும் விக்கிற கடைக்கு முன்னாலை. இங்கைதான் அவையின்ர ஜெபக்கூடம் இருந்ததாம். பிளாஸ்ரிக் உறை போட்ட படமொண்டைத் தூக்கிக் காட்டுறாள், வட்டக் கூரையோடை பெரிய கட்டடம். எரிஞ்ச அண்டைக்குத் தீயணைக்கிற ஆக்கள் வந்தவையாம், தண்ணிக் குழாயையும் பிடிச்சவையாம், பக்கத்து வீட்டுக் கூரையளுக்கு மட்டும். பதினொரு பேரும் தலையை ஆட்டுகினம். நானும் ஆட்டுறன். எரியிறதைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம், நாங்களும் யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சு சாம்பல் பறந்ததைப் பாத்த சனம்தானே, அதைச் சொல்லித்தானே இவளை வளத்தன். நூலகத்தைச் சொன்னன், ஆடிக் கலவரத்தைச் சொன்னன், குண்டு போடுற பொம்மர் வந்தால் எப்பிடிப் பதுங்குகுழிக்குள்ளை படுக்கிறது எண்டு சொன்னன், செல் விழுந்து பெரியண்ணை செத்ததைச் சொன்னன், தொண்ணூற்றைஞ்சிலை ஊரே ஒரு றோட்டிலை நெரிபட்டுப் போனதைச் சொன்னன், அதிலை இவளைத் தோளிலை தூக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னன். சோறு தீத்தேக்கை சொன்னன், தலை இழுக்கேக்கை சொன்னன். எங்களுக்குச் செய்ததெல்லாத்தையும் ஒண்டும் விடாமல் சொன்னன். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இவள் சரித்திரம் படிக்கப் போனவள், எல்லாரிட்டையும் அப்பிடித்தான் சொல்லுறாள், என்ர அம்மாவின் கதைகளால்தான் எண்டு. ஒண்டும் விடாமலோ. சரி. கடைக்குள்ளையிருந்து ஒரு பொம்பிளை பஞ்சுப் பொட்டலத்தோடை வெளியிலை வாறா, எங்கடை கூட்டத்தைச் சுத்திக்கொண்டு போறா, முகத்திலை ஒரு சலிப்பு. ஒவ்வொரு ஞாயிறும் இவையளோ எண்ட சலிப்பு.

அடுத்த தெருவுக்குத் திரும்பேக்கையே எனக்குத் தெரிஞ்சிட்டுது எங்கை போறம் எண்டு. பச்சைக் கதவுள்ள அந்த வீடு. ரெண்டாம் மாடியிலை பல்வைத்தியர். பதினொரு வருஷம் அந்தப் படியளைத் துடைச்சவள் நான், ஆரணிக்கு அது தெரியும், ஆனால் வீடு இதுதான் எண்டு தெரியாது, நான் எந்தத் தெரு எண்டு சொன்னதுமில்லை அவள் கேட்டதுமில்லை. வாசலுக்கு முன்னாலை நடைபாதையிலை உள்ளங்கை அளவிலை நாலு பித்தளைக் கட்டை பதிச்சிருக்கு, நாலிலையும் எழுத்து. முதல் வருஷம் அது என்னெண்டு எனக்குத் தெரியாது, பித்தளை எண்டால் மினுக்கத்தானே வேணும், எலுமிச்சம்பழப் பாதியாலை உரஞ்சித் துடைச்சு விட்டிடுவன், குத்துவிளக்கு மாதிரி மின்னும். ஒருநாள் வழியிலை போன மனிசன் ஒருத்தர் நிண்டு, தொப்பியைக் கழட்டி, கண் கலங்கி, நன்றி எண்டார். நான் பயந்துபோனன். மேலை போய் வைத்தியரின்ர உதவிப் பெட்டையிட்டைக் கேக்கத்தான் சொன்னாள், இந்த வீட்டிலை இருந்து பிடிச்சுக்கொண்டு போன ஆக்களின்ர பேர் அது எண்டு. அதுக்குப் பிறகு நான் மினுக்கேல்லை. ஏன் எண்டு வைத்தியர் கேக்கேல்லை. எனக்குத் தெரியும். செத்த ஆக்களின்ர பேரிலை கை வைக்கிற பயம் எண்டு எனக்கு நானே சொன்னன், அது பொய், பயந்தது அந்த மனிசன்ர நன்றிக்கு. அந்த நன்றியை வாங்க என்ர கை சரியில்லை.

"லோவன்பெர்க் குடும்பம், தொப்பிக் கடை வைத்திருந்தார்கள்" எண்டு ஆரணி தொடங்குறாள். தகப்பன், தாய், ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். பிறந்த திகதி, கொண்டுபோன திகதி, கொண்டுபோன இடம், எல்லாம் மனப்பாடம். என்ர பெரியம்மாக்களின்ர பேர் இவளுக்குத் தெரியாது. குடையாலை மேலை காட்டுறாள், அந்த யன்னல், இந்த யன்னல், எதிர்வீட்டு யன்னல். "காலை ஒன்பது மணி. பட்டப்பகல். தெரு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். யன்னல் சீலைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். பயந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். பயந்திருக்கலாம். ஆனால் சீலையை விலக்கிப் பார்க்கிற அளவுக்குப் பயம் குறைவாகத்தான் இருந்திருக்கிறது." பதினொரு பேரிலை ஒரு ஆள் கசப்பாய்ச் சிரிக்கிறார். கெட்டிக்காரி. எவ்வளவு கூர்மையாய்ச் சொல்லுறாள். என்ர கை குளிருது, பங்குனிக் குளிர், கையுறையை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன். எங்கட வீட்டு யன்னல் சீலை நீலம், வெள்ளைப் பூப் போட்டது, கழுவிக் கழுவி வெளிறினது, அதுக்குள்ளாலை பாத்தால் எல்லாம் தண்ணிக்குள்ளை தெரியிற மாதிரித் தெரியும், ஆனால் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி, அண்டைக்கும் காலமைதான், யாழ்ப்பாணத்திலை எங்கட ஒழுங்கைக்குப் பின்பக்கம் சோனகச் சனத்தின்ர, முஸ்லிம் ஆக்களின்ர தெரு, நடுவிலை ஒரு கிடுகு வேலி, வேலியிலை ஒரு ஆள் குனிஞ்சு வரக்கூடிய பொட்டு. அந்தப் பொட்டுக்கு அங்காலை மஸாஹிரா. என்னைவிட ரெண்டு வயது குறைவு, மூண்டு பிள்ளையள், மனிசன் இரும்புக்கடை. என்ர மனிசன் கொழும்புக்குப் போய்ப் பாதை பூட்டி அங்கையே மாட்டுப்பட்டு நிண்ட நேரம், நான் ஆரணியை வயித்திலை வைச்சுக்கொண்டு தனிய. முதல் மூண்டு மாசமும் வாய்க்கு ஒண்டும் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தனான், விடிய விடிய அந்தப் பொட்டுக்குள்ளாலை இஞ்சிபோட்ட தேத்தண்ணி வரும், "தவமக்கா, ஆறமுந்திக் குடியுங்கோ" எண்டு. பின்னேரத்திலை அவளின்ர கடைக்குட்டி நஸ்மியை நான்தான் வைச்சிருப்பன், எட்டு மாசம், என்ர சங்கிலியைக் கடிச்சுக்கொண்டு நித்திரையாவான். அண்டைக்கு வாகனத்திலை ஸ்பீக்கர் கட்டி அறிவிச்சுக்கொண்டு போனவை, சோனகர் எல்லாரும் மைதானத்துக்கு வரட்டாம், உடனை வரட்டாம். கூட்டம் ஏதோ எண்டு நினைச்சன். கொஞ்ச நேரத்திலை தெருவிலை சத்தம், அழுகை, ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை யாழ்ப்பாணத்தை விட்டுப் போகட்டாம், உடுத்த உடுப்போடை. செய்தது இயக்கம். எங்களுக்காகப் போராடுற எங்கட பெடியள். அதிலை ஒருத்தன் துவக்கோடை எங்கட ஒழுங்கை முகப்பிலை நிண்டான், மழைக்குப் பொலித்தீன் போர்த்துக்கொண்டு, பதினெட்டு வயது வராது. நான் பின்கதவைச் சாத்தினன். தாழ்ப்பாளும் போட்டன். ஏன் போட்டன். அவள் வருவாள் எண்டு தெரிஞ்சுதானே போட்டன்.

வந்தாள். பின்கதவிலை மூண்டு தட்டு. "தவமக்கா." நான் குசினிக்குள்ளை யன்னல் சீலைக்குப் பின்னாலை. "தவமக்கா, நஸ்மிக்குக் காய்ச்சல் கொதிக்குது, மழைக்குள்ளை கொண்டுபோனால் தாங்கமாட்டான், ரெண்டே ரெண்டு நாள் வைச்சிருங்கோ, நான் எப்பிடியும் வந்து தூக்கிறன்." சீலைக்குள்ளாலை அவளின்ர தோள் தெரிஞ்சுது, தோளிலை போர்வைக்குள்ளை அவன்ர தலை தெரிஞ்சுது, அவன் அழேல்லை, அழுதிருந்தால் திறந்திருப்பனோ, அழாதபடியாலைதான் திறக்கேல்லையோ, இருபத்தாறு வருஷமாய் இந்த இடத்திலை வந்து நிண்டுபோறன். பிறகு அவள் மெதுவாய்ச் சொன்னாள், "நீங்கள் உள்ளுக்கை நிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும்." கோவமாய்ச் சொல்லேல்லை. தெரிவிக்கிற மாதிரிச் சொன்னாள். நான் மூச்சுவிடாமல் நிண்டன். வயித்துக்குள்ளை இவள் ஒருக்கால் உதைச்சாள். பிறகு காலடிச் சத்தம், சேத்துக்குள்ளை, பொட்டுப் பக்கமாய். அவ்வளவுதான். ஒழுங்கை முகப்பிலை நிண்டவனுக்கு எங்கட பின்கதவு தெரியாது. தெரியவே தெரியாது. இதை நான் ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லை, இப்ப சொல்லுறன், அவன் நிண்ட இடத்திலையிருந்து என்ர பின்கதவைப் பாக்கேலாது.

"நான் ஒன்று சொல்லலாமா?" எண்டு ஒரு குரல். எண்பது வயதுக்கு மேலை இருக்கும் ஒரு மனிசி, பிடிச்சுத் தள்ளிக்கொண்டு நடக்கிற சில்லு வண்டிலோடை வந்தவ, தொடக்கத்திலை ஆரணி எல்லாற்ற பேரையும் கேக்கேக்கை லிண்டமான் எண்டு சொன்னவ. பித்தளைக் கட்டையளைப் பாத்துக்கொண்டே கதைக்கிறா. இந்த வீட்டுச் சாமான்களைப் பிறகு தெருவிலை வைச்சு ஏலம் போட்டவையாம். தன்ர தாய் போனவவாம், மேசை விரிப்புகளும் துவாய்களும் ஒரு பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு வந்தவவாம். ஒவ்வொண்டின்ர மூலையிலும் எல் எண்ட எழுத்துத் தைச்சிருக்குமாம். "எங்கள் பெயரும் எல் எழுத்தில்தான் தொடங்குகிறது. அதனால் அவை எங்களுடையவை என்றே நினைத்து வளர்ந்தேன். ஐம்பது வயதில்தான் தெரியும். தெரிந்த பிறகும் நத்தார்ப் பண்டிகைக்கு அந்த விரிப்பைத்தான் விரித்தேன். நல்ல துணி." ஒரு சைக்கிள் மணியடிச்சுக்கொண்டு போச்சுது. ஆரணி குடையைக் கக்கத்துக்குள்ளை வைச்சிட்டு, போய் அந்த மனிசியின்ர ரெண்டு கையையும் பிடிச்சாள். "இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும். நன்றி. உங்களைப் போன்றவர்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்." அவளின்ர கண்ணிலை தண்ணி. என்ர பிள்ளை. தெரியாத மனிசி ஒருத்தியின்ர கையைப் பிடிச்சு அழக்கூடிய பிள்ளையை வளத்திருக்கிறன். நெஞ்சுக்குள்ளை ஏதோ இளகிச்சுது. அதுக்குப் பின்னாலேயே பொறாமை, எரிச்சல் எண்டும் சொல்லலாம், ஒரு பெட்டித் துணி, அதுவும் தாய் வாங்கினது, அதுக்கு இவ்வளவு மரியாதை.

மூண்டாம் நாள் நான் பொட்டுக்குள்ளாலை அங்காலை போனன். மற்ற ஆக்கள் கதவுநிலை, ஓடு எண்டு கழட்டத் தொடங்கியிருந்தினம், இயக்கம் லொறியோடை வரும் எண்டும் கதை. என்னத்துக்குப் போனனான், மாடு கண்டு கட்டிக் கிடக்குதோ எண்டு பாக்கப் போனன், அப்பிடித்தான் போகேக்கை நினைச்சன், அவையிட்டை மாடே இல்லை. அடுப்பிலை சோத்துப் பானை, மேலை பூசணம். அறைக்குள்ளை நஸ்மியின்ர கட்டில், தேக்கு, நாலு பக்கமும் கிராதி, நுளம்புவலை கட்டுற வளையத்தோடை. தலைமாட்டிலை அவனுக்குப் பல்லு முளைக்கேக்கை கடிச்ச அடையாளம். ஏழு மாச வயித்தோடை அதைத் தனிய இழுத்துக்கொண்டு வந்தன். பொட்டுக்குள்ளாலை போகேல்லை. வேலியை நானே பிரிச்சன். மனிசன் மார்கழியிலை வந்து சேந்து கட்டில் ஏது எண்டு கேக்க, வாங்கினது எண்டன், ஆரிட்டை எண்டு அவர் கேக்கேல்லை, செத்துப்போகும் வரைக்கும் கேக்கேல்லை, அவரும் சீலைக்குப் பின்னாலை நிண்ட ஆள்தானோ. தையிலை ஆரணி பிறந்தாள். அதிலைதான் படுத்தாள். நாலு வயது வரைக்கும். தொண்ணூற்றைஞ்சிலை நாங்கள் ஓடேக்கை கட்டில் அங்கையே கிடந்துது, இப்ப ஆர் வீட்டிலையோ. மஸாஹிரா அண்டைக்கு நடந்து போனவளோ, லொறியிலை ஏத்தினவையோ, நஸ்மி வவுனியா வரைக்கும் போய்ச் சேந்தானோ, புத்தளம் பக்கம் முகாமிலை கன சனம் இருந்தது எண்டு கேள்வி. தேடலாம். எல்லாத்தையும் தேடுற பெட்டி ஒண்டு இப்ப ஒவ்வொருத்தற்ற கையிலையும் கிடக்கு. நான் ஒருநாளும் தேடேல்லை. உயிரோடை இருந்தால் என்ன செய்யிறது எண்ட பயம் ஒண்டு, இல்லாட்டி என்ன செய்யிறது எண்டது மற்றது.

கடைசி இடம் சாமான் ரயில் நிக்கிற பழைய நிலையம். இப்ப கார் விடுற இடம். அங்கையிருந்துதான் ஏத்தினவையாம். ஆரணி பேசி முடிக்க எல்லாரும் மெல்லமாய்க் கை தட்டிச்சினம், இப்பிடியான இடத்திலை தட்டலாமோ எண்டு தெரியாத தட்டு. ஒவ்வொருத்தராய்க் கலைஞ்சு போக, அவள் என்னட்டை வந்தாள், கன்னமெல்லாம் சிவந்து, "எப்பிடி அம்மா?" எண்டாள். அடுத்த கூட்டத்துக்கு அரை மணித்தியாலம் இருக்காம். வெதுப்பகத்திலை கோப்பி வாங்கிக்கொண்டு வந்து கடதாசிக் கோப்பையை என்ர கைக்குள்ளை வைச்சாள், "கை என்ன இப்பிடிக் குளிருது" எண்டு தன்ர கையாலை பொத்தினாள். அந்தச் சூடு. அதுதான் என்னைக் கெடுத்தது. வாய் திறந்திட்டுது. நிண்ட நிலையிலை எல்லாத்தையும் சொன்னன், மூண்டு தட்டு, காய்ச்சல், சீலை. அவள் இடையிலை மறிக்கேல்லை. முடிக்கத்தான் கெதியாய்க் கதைச்சாள். "அம்மா, அது வேற. நீங்கள் தனிய நிண்டனீங்கள். வயித்திலை நான். திறந்திருந்தால் உங்களுக்கு என்ன செய்திருப்பாங்களோ. அதோடை அது இயக்கம் செய்தது, நீங்கள் செய்யேல்லை." ஒவ்வொண்டாய் எடுத்து எனக்குப் போர்த்துவிடுற மாதிரி. நான், "கதவைச் சாத்தினது நான் பிள்ளை" எண்டன். "கட்டிலையும் இயக்கம் எடுக்கேல்லை. நான் எடுத்தனான்." "எந்தக் கட்டில்?" "நீ படுத்தது." அவள் என்ர கையை விட்டாள். சடாரெண்டு இல்லை, கோப்பி ஊத்துப்படாமல் கவனமாய் விட்டாள். கார் ஒண்டு பின்பக்கமாய் வந்து எங்களுக்குக் கிட்ட நிண்டுது, நாங்கள் விலகினம், மற்றப்பக்கம் போய் நிண்டம். "அப்பாக்குத் தெரிஞ்சிருந்ததோ?" "இல்லை." "ஏனம்மா எனக்குச் சொன்னனீங்கள்?" அந்த மனிசியைப் பாத்துச் சொன்ன துணிவு எண்ட சொல்லை நான் எதிர்பாத்தன் எண்டு நினைக்கிறன். வெக்கம். நன்றியும் எதிர்பாத்திருப்பன். "அடுத்த மாசம் இங்கத்தைத் தமிழ்ப் பிள்ளையளுக்கு எங்கட கதையளைச் சொல்லப் போறன், நீங்களும் வந்து கதைக்கிறியள் எண்டு சொல்லிவைச்சிருக்கிறன்" எண்டாள், தமிழ் இடறுது, இடையிலை டொச்சுக்குப் போய்த் திரும்பி வந்தாள். "இதை வேற ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. என்ன?" நான் ஓம் எண்டன். அவளுக்கு இப்ப வயது இருபத்தாறு, அண்டைக்கு மஸாஹிராவுக்கும் அதுதான். "வீட்டிலை கதைப்பம்" எண்டிட்டுப் போனாள். தூரத்திலை குடை விரிஞ்சுது. புதுக் கூட்டம். காலை வணக்கம் எண்டு அவள் சொல்லுற சத்தம், அதே தெளிவு, ஒரு பிசகுமில்லை, அது எனக்கு நல்லாய்த் தெரிஞ்ச கெட்டித்தனம், என்னட்டையிருந்து போனது.

ட்ராம் தரிப்பிலை கிடந்த மர வாங்கிலை லிண்டமான் மனிசி இருந்தா, வண்டிலை முன்னாலை நிப்பாட்டி வைச்சிருந்தா. என்னைக் கண்டு கைப்பையைத் தூக்கி மடியிலை வைச்சு இடம் விட்டா. நான் இருந்தன். ட்ராமுக்கு ஆறு நிமிஷம் எண்டு பலகை காட்டிச்சுது. ஓம் எண்டு சொல்லி அஞ்சு நிமிஷம்கூட ஆகேல்லை. ஆனால் அந்த ஓம் எனக்கு முந்தியே பழக்கமான ஓம், இருபத்தாறு வருஷமாய் ஒவ்வொருநாளும் எனக்கு நானே சொன்னது, இண்டைக்கு அதைக் கேட்ட வாய் மட்டும்தான் வேறை. "எனக்கும் பக்கத்து வீடு இருந்தது" எண்டன், என்ர வாளி தும்புத்தடி டொச்சிலை. அவ தன்ர நல்ல காதை என்ர பக்கம் திருப்பினா. கதவு, எண்டன். தட்டினார். குழந்தை, காய்ச்சல். நான் திறக்கவில்லை. பிறகு நான் போனேன். குழந்தைக் கட்டில், நான் எடுத்தேன். வேற சொல் என்னட்டை இல்லை, இருந்திருந்தால் இன்னும் கனக்கச் சொல்லியிருப்பன், மழை, துவக்கு, வயிறு எண்டு. சொல்லில்லாதது நல்லதாய்ப் போச்சுது. அவ என்ர கையைப் பிடிக்கேல்லை. பாவம் எண்டும் சொல்லேல்லை. தண்டவாளத்தைப் பாத்துக்கொண்டே, "அவர் பெயர் என்ன?" எண்டா. ஆரணி கேக்கேல்லை. ஆரும் கேக்கேல்லை. அந்த வேலியைப் பிரிச்ச நாளிலையிருந்து அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, நாக்கு எங்கை வைக்கிறது எண்டு தெரியாமல் ஒருக்கால் திணறிச்சுது. "மஸாஹிரா." அவவுக்குப் பிடிபடேல்லை. "மன்னியுங்கள், இன்னொரு முறை?" திருப்பிச் சொன்னன். மசா, எண்டு தொடங்கி அவ நிண்டிட்டா. "மெதுவாக" எண்டா. மூண்டாம் தரம் நான் ஒவ்வொரு எழுத்தாய்ச் சொல்லேக்கை ட்ராம் வந்து நிண்டு, கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிண்டு, போச்சுது. நாங்கள் ரெண்டுபேரும் ஏறேல்லை.